அரக்குப் பெட்டியில் எங்கள் பசி

2018 கோடையில் மகள் வீட்டில் இருந்தேன். டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகர் ஆஸ்டின். வெயில் அப்படியே நம் வேலூர் வெயில். காலை பத்து மணிக்கே தெரு வெறிச்சோடிவிடும். எங்கே போகலாம் என்று மகள் கேட்டாள். கடை கண்ணி வேண்டாம், மியூசியம் ஏதாவது இருந்தால் கூட்டிப் போ என்றேன். முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவளுக்கு வேறு என்ன ஆசை இருக்கும்? அந்த ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் லிண்டன் ஜான்சன் நூலகத்துக்குக் கூட்டிப் போனாள்.

உள்ளே படியேறி நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய கூடம். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மாடிக்கு மேல் மாடியாக, வரிசை வரிசையாக அரக்கு நிறப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் பொன் நிறத்தில் வட்ட முத்திரை. அரக்கையும் ஜரிகையையும் சேர்த்துப் பார்த்தால் ஆரணிக்காரிக்கு மனசு எங்கே போகும்? முகூர்த்த மாதத்துக்கு முன்னால் பட்டுக் கடை அலமாரியில் மடித்து அடுக்கிய சேலைகள்தான் ஞாபகம் வந்தன. "அத்தனையும் காகிதம்மா" என்றாள் மகள். சுமார் நாலரைக் கோடிப் பக்கங்கள். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது அதிபரான ஜான்சன், 1969 ஜனவரி 20 அன்று பதவியை விட்டு இறங்கும்வரை வந்த கடிதம், போன தந்தி, அதிகாரிகள் எழுதிய குறிப்பு, அவர் கிறுக்கிய ஆம், இல்லை எல்லாம் அங்கே இருக்கின்றன.

பட்டியலை ஒரு கணினியில் காட்டினார்கள். மகள் 'இந்தியா' என்று தட்டினாள். அதில் ஒரு கோப்பின் தலைப்பு: 'இந்தியப் பஞ்சம், ஆகஸ்ட் 1966 முதல் பிப்ரவரி 1967 வரை'. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்புக் குழுவே தொகுத்து வைத்த வரலாறு அது. அந்த ஏழு மாதமும் நான் ஆரணியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஊர் வட ஆர்க்காடு மாவட்டம். வீட்டுக்குள் நுழைந்ததும் குழித்தறி. நைனா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், மிதியும் நாடாவும் மாறி மாறிப் போடும் சத்தம் ராத்திரி விளக்கு அணைக்கும்வரை ஓயாது. அம்மாவும் அக்காவும் தார் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் ராட்டை முன்னால் உட்கார வேண்டும். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. எங்களுடையது கை மட்டும். பாவு அறுத்துச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி.

ஊரைச் சுற்றி நெல் ஆலைகள். களம்பூர்ப் பக்கம் போனால் நெல் அவிக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். அரிசிக்குப் பேர்போன ஊரில் அரிசிப் பஞ்சமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நிலம் வைத்திருப்பவனுக்கு நெல் உண்டு. நெசவாளிக்கு ஒரு கைப்பிடி அரிசியும் காசு கொடுத்தால்தான். 1965இலும் 1966இலும் வடக்கே மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. நாட்டின் தானிய விளைச்சல் 8.9 கோடி டன்னிலிருந்து ஒரே வருஷத்தில் 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. பீகாரில் பஞ்சம். நம் மாநிலத்தில் அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. கூலி ஏறவில்லை. அம்மா ஆலை வாசலில் நின்று நொய் வாங்கிவந்து கேழ்வரகு மாவோடு களி கிண்டுவாள். நைனாவுக்கு மட்டும் ஒரு வேளையாவது சோறு வடிப்பாள். "சோறு தின்னாத்தான் மிதியில கால் நிக்குது" என்பார் அவர். தின்றுகொண்டே எங்கள் தட்டைப் பார்ப்பார். பாதியில் கை கழுவிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ரேஷன் கடைக்குக் கோதுமை வந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அதைச் சமைக்கத் தெரியாது. அம்மா முதல் நாள் அரிசியைப் போலவே உலையில் போட்டு வேகவைத்தாள். வேகவே இல்லை. மென்று மென்று தாடை வலித்தது. பிறகு மாவு மில்லில் அரைத்துவந்து கேழ்வரகுக் களி மாதிரிக் கிண்டினாள். பசை மாதிரி கையில் ஒட்டியது. சப்பாத்தி என்ற ஒன்று எங்கள் வீட்டுக்குள் வர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

பள்ளிக்கூடத்திலும் அமெரிக்காதான். காமராஜர் காலத்து மதிய உணவுக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் அனுப்பியது. அந்த மஞ்சள் சோள மாவு உப்புமாவின் வாசனையை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாவு வந்த பை வெள்ளைப் பருத்தித் துணி. அதில் இரண்டு கைகள் குலுக்குகிற படம். ஆயாவிடம் கேட்டு ஒரு காலிப் பையை வீட்டுக்கு எடுத்துவந்தேன். நைனா தறியை நிறுத்தி, பையை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இழையை நெருடிப் பார்த்தார். "மில்லுத் துணிதான். ஆனா பருத்தி நல்ல பருத்தி. இத்தத் தொட்டுப் பாரும்மா" என்றார். அனுப்பியவன் தரமாகத்தான் அனுப்பியிருக்கிறான் என்று அவருக்குத் துணியை வைத்துத்தான் சொல்லத் தெரியும். அம்மா அதைத் தலையணை உறையாகத் தைத்தாள். அந்தக் குலுக்கும் கைகள்மேல் கன்னத்தை வைத்துத்தான் பல வருஷம் தூங்கினேன்.

பள்ளிக்கு வந்த மாவு தானம். ரேஷன் கோதுமை அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து, அமெரிக்கா நமக்கு இனாமாகப் போட்டது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். 1954இல் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480 என்பதன்கீழ் வந்தது அந்தக் கோதுமை. பி.எல். 480 என்று பேப்பரில் வரும். அமெரிக்க விவசாயி விளைவித்து மிஞ்சியதை டாலர் இல்லாத நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்கலாம் என்பது ஏற்பாடு. 1960 மே மாதம் நம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டனில் நான்கு வருஷத்துக்கு 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் வாங்க ஒப்பந்தம் போட்டார். நாம் ரூபாயில் பணம் கட்டினோம். அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் மலையாகக் குவிந்தது. 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி அதில் பெரும்பகுதியை இந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்தார்.

பாட்டீலின் ஒப்பந்தத்தை அடுத்து வந்த ஒப்பந்தமும் 1965 ஜூன் 30 அன்று முடிந்தது. நீண்ட ஒப்பந்தம் இனிக் கிடையாது என்றார் ஜான்சன். ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று அளந்து கொடுத்தார். அவருடைய ஆட்களே அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். தமிழில் சொன்னால் குட்டைக் கயிறு. முளை அடித்துக் குட்டைக் கயிற்றில் மாட்டைக் கட்டினால், கயிறு எட்டுகிற வட்டத்துக்குள்தான் அது மேயும். மாட்டுப் பண்ணைக்காரர் ஜான்சன். ஆஸ்டினிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் போனால் அவருடைய பண்ணை. பல சமயம் ஆட்சியே அங்கிருந்துதான் நடந்தது.

அவருக்கும் காரணங்கள் இருந்தன. அதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கிடங்குகளில் உபரி குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம், மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டங்களில் நாம் எஃகு ஆலைக்குக் கொடுத்த முக்கியத்துவத்தை ஏருக்குக் கொடுக்கவில்லை. கோதுமை வந்துகொண்டே இருந்தால் இந்தியா தன் வயலைப் பார்க்காது என்று அவர் நம்பினார். மற்றப் பணக்கார நாடுகளும் பங்கு போடட்டும் என்றார். இதெல்லாம் நியாயமான பேச்சுதான்.

ஆனால் அவர் யார் என்று அந்த நூலகத்தில் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஆறவில்லை. அவரும் வாத்தியார். 1928இல், இருபது வயதில், கொடுல்லா என்ற சின்ன ஊரில் மெக்சிகோ வழி ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளியில் பாடம் நடத்தினார். ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புகள். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1965 மார்ச் 15 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, அந்தப் பிள்ளைகளின் பசியைத்தான் அவர் நினைவுகூர்ந்தார். நானும் முப்பத்திரண்டு வருஷம் அந்த முகங்களைப் பார்த்தவள். திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைக்கு என்ன நோய் என்று ஆசிரியர்களுக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உள்நாட்டில் அவர் செய்ததைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். 1964 ஜூலையில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் குடிமை உரிமைகள் சட்டம். அதே வருஷம் ஏழைகளுக்கு உணவுக் கூப்பன். 1965இல் வாக்குரிமைச் சட்டம், முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு. பள்ளிகளுக்கு நடுவண் அரசு பணம் தரும் கல்விச் சட்டத்தைத் தான் படித்த ஓராசிரியர் பள்ளியின் வாசலில் மேசை போட்டு, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திட்டார். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இனி அந்த 1966க்கு வருகிறேன். ஆகஸ்டில் இந்தியாவுக்கு இன்னும் 20 லட்சம் டன் தேவை என்று டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் போல்ஸ் எழுதினார். பதில் இல்லை. செப்டம்பர் போயிற்று. அக்டோபர் 11 அன்று ஜான்சன் வாஷிங்டனில் குழந்தைகள் ஊட்டச்சத்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலை உணவு அப்போதுதான் தொடங்கியது. நவம்பர் 7 அன்று, முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, கொடுல்லாவில் தன் பழைய பள்ளிக்குப் போய்ப் பேசினார். இந்தியாவின் விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது. போல்ஸ் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். வெள்ளை மாளிகை ஆலோசகர்கள் பலரும் கொடுத்துவிடலாம் என்றார்கள். கிட்டத்தட்டத் தனி ஆளாக நின்று பிடித்துவைத்ததை ஜான்சனே 1971இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்று தினமும் கவனித்துவந்ததாகவும் அதில் சொல்கிறார். டிசம்பர் 22 அன்றுதான் 9 லட்சம் டன்னை விடுவித்தார்.

ஒரு கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி நம் கரைக்கு வந்து இறக்க வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகு மூட்டை பிடித்து, ரயிலில் ஏற்றி, லாரி மாற்றி ரேஷன் கடைக்கு வர வேண்டும். அந்த வருஷம் மொத்தம் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் வந்தது என்பார்கள். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்ற நிலைமை. நடுவில் நான்கு மாதம் உத்தரவு நின்றால் அந்த இடைவெளி எங்காவது ஒரு கடையில் காலி மூட்டையாகத் தெரிந்தே தீரும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் கொடுத்ததால் ஓரளவு சமாளித்தோம்.

பொங்கல் கழிந்த ஒரு நாளில் எங்கள் தெரு ரேஷன் கடையில் நடந்தது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. விடியற்காலையிலேயே பையைப் போட்டு வரிசை பிடித்திருந்தோம். கடைக்காரர் கதவைத் திறந்து, சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள் என்றார். அது மூன்றாவது 'அடுத்த வாரம்'. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயசு. வரிசையிலிருந்து முன்னால் போய் நின்று, மூட்டையை ராத்திரியில் ஆலைக்காரனுக்கு வித்துட்டியா, உன் பிள்ளைங்க மட்டும் துன்னா போதுமா என்று கத்தினாள். கூட இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

பிடித்துவைத்ததற்கு விவசாயம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் என் மனசு கொஞ்சம் சமாதானமாகும். வியட்நாமும் அதில் கலந்திருந்தது. 1965 மார்ச்சில் அமெரிக்கப் படை அங்கே கரையிறங்கியது. 1966 ஜூலையில் மாஸ்கோ போன இந்திரா காந்தி, குண்டு வீசுவதை நிறுத்தச் சொல்லும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். நான்கு மாதத்துக்கு முன்புதான் வாஷிங்டனில் ஜான்சன் அவரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றிருந்தார். இந்திரா கேட்டுக்கொண்டதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் கோதுமையும் கேட்டார். அமெரிக்காவும் உலக வங்கியும் வற்புறுத்தியதால் ஜூன் 6 அன்று இந்திரா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்ததை 7 ரூபாய் 50 காசாக்கினார். உள்ளூரில் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் கயிறு நீளவில்லை. வியட்நாம் பற்றி டெல்லி பேசிய ஒவ்வொரு சொல்லும் ஜான்சனை எப்படிச் சுட்டது என்று தந்திகளும் குறிப்புகளும் வரிக்கு வரி சொல்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை 2000இல் வெளியிட்ட தெற்காசியா தொகுதியில் இவற்றை யாரும் படிக்கலாம். ஊர் திரும்பிய பிறகு மகன் கணினியில் எடுத்துக் கொடுத்தான். ஒரு மழைக்காலம் முழுக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நம் பக்கத்தில் இருந்தவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிக்காரர். காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது சென்னை மாநிலத்தின் நிதிக்கும் கல்விக்கும் அமைச்சர் அவர்தான். 1964இல் சாஸ்திரி அவரை மத்திய உணவு அமைச்சராக்கினார். யாரும் விரும்பி எடுக்காத துறை அது. 1965 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்குப் போனவர், அங்கே அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு ரகசியமாக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். விவசாயத்துக்குக் கூடுதல் பணம், உரம், புது விதை, உழவனுக்கு விலை. டிசம்பரில் அவற்றை நாடாளுமன்றத்தில் இந்திய அரசின் கொள்கையாகவே அறிவித்தார்.

ஜான்சன் கயிற்றை இழுத்ததால்தான் இந்தியா பசுமைப் புரட்சிக்கு வந்தது என்று அமெரிக்காவில் சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேதியைப் பாருங்கள். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தஞ்சாவூரில் தொடங்கியது. உழவனுக்கு விலை நிர்ணயிக்கும் ஆணையமும் அதே மாதம். குட்டைக் கயிறு ஜூனுக்குப் பிறகுதான். நார்மன் போர்லாகின் மெக்சிகோ குட்டைக் கோதுமையை நம் வயலுக்கு ஏற்றபடி ஆராய்ந்துகொண்டிருந்த கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1963லிருந்தே அதில் இருந்தார். சுப்பிரமணியம் செய்தது வேறு விதமான கெட்டிக்காரத்தனம். தன் அமைச்சரவையில் எஃகையும் தொழிற்சாலையையும் பெரிதாக நினைத்தவர்களிடம், அமெரிக்கா இதைக் கேட்கிறது என்று சொல்லித் தான் நினைத்ததைச் சாதித்துக்கொண்டார். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்தது. அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு விதையை ஒரே வீச்சில் வாங்கியதில்லை. 1967-68இல் நாட்டின் தானிய விளைச்சல் 9.5 கோடி டன்.

அந்த விளைச்சலைப் பார்க்க அவர் அமைச்சர் நாற்காலியில் இல்லை. 1967 பிப்ரவரி 2 அன்று ஜான்சன் தன் நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பி இந்தியாவுக்கு இன்னும் 30 லட்சம் டன் வரை கேட்டார். அதே மாதம் இங்கே தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. எங்கள் தெருவில் வேறு எந்தப் பேச்சும் இல்லை. நைனா கதர் கட்டின காங்கிரஸ்காரர். அந்த முறை அவர் யாருக்குப் போட்டார் என்று சொல்லவே இல்லை. அம்மா உதயசூரியனுக்குப் போட்டதை வாசலிலேயே சொன்னாள். பக்தவத்சலம் ஆட்சி போயிற்று. விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிசெட்டிபாளையத்தில் சுப்பிரமணியம் தோற்றார். நாட்டுக்கே சோற்றுக்கு வழிசெய்த மனிதரை அரிசி இல்லாத கோபத்தில் நாமே வீட்டுக்கு அனுப்பினோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1967 மே 15 அன்று அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். ஆரணிக்கு அது வரவில்லை.

எங்களுக்கு வந்தது ஐ.ஆர். 8. பிலிப்பைன்சில் 1966இல் வெளியிட்ட குட்டை நெல். கமண்டல நாகநதிக்கரைக் கழனிகளில் கிணற்றுக்கு மோட்டார் வந்தது, உரக் கடை வந்தது, ஆலைகள் பெருகின.    

என் மகள் ஆஸ்டினில் இருப்பதற்கும் ஜான்சனே வழி திறந்தார். 1965 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்துக்கு முன்னால், வருஷத்துக்கு நூறு இந்தியர்தான் அங்கே குடியேற முடியும். அந்தச் சட்டம் இனத்தை வைத்துப் பார்த்த பழைய ஒதுக்கீட்டை எடுத்தது. ஒரு நாட்டுக்கு இருபதாயிரம் வரை என்று ஆக்கியது. கையெழுத்திட்டபோது இந்தியா கோதுமைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே பேனா.

நூலகத்தில் ஆங்காங்கே தொலைபேசி ரிசீவர் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் காதில் வைத்தால் ஜான்சன் பேசுவார். தன் தொலைபேசிப் பேச்சை அவரே பதிவு செய்துவைத்தார். 600 மணி நேரத்துக்கு மேல். தான் இறந்து ஐம்பது வருஷம் கழித்துத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். 1973 ஜனவரி 22 அன்று பண்ணையில் இறந்தார். நூலகம் தொண்ணூறுகளிலேயே திறக்கத் தொடங்கிவிட்டது. இழுத்து இழுத்துப் பேசும் குரல். கெஞ்சுகிறார், அதட்டுகிறார், சிரிக்கிறார். பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாத்தியார் குரல் என்று தெரிந்தது. கீழ்ப்படியாத பிள்ளையை முட்டிபோட வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வாத்தியார். நானும் அப்படி ஒரு பையனைச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நிற்கவைத்திருக்கிறேன். அவன் அன்று காலையும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த மனிதர்மேல் எனக்குக் கோபமும் தீரவில்லை, வெறுப்பும் வரவில்லை. அந்தக் கோதுமையை விளைவித்த கான்சஸ் விவசாயிக்கு இன்றும் நன்றி சொல்வேன். தின்ற உப்பை மறக்கக் கூடாது. கொடுக்க மனசு இருந்தவர், கொடுப்பதற்கு நான்கு மாதம் காக்கவைத்தார். காத்திருந்தவர்களின் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரிந்தது என்று அந்த நாலரைக் கோடிப் பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்காது.

ஊருக்கு வந்ததும் அக்காவைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தொடப்போகிறாள். மூத்த மகன் விசைத்தறி வைத்துவிட்டான். இவளுக்குக் கை சும்மா இருக்காது, இன்னமும் தார் சுற்றித் தருகிறாள். செல்போனில் அந்தப் பெட்டிகளின் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "அரக்கு நல்லா ஏறிக்கீது" என்றாள். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை கோதுமையை நிறுத்திவைத்த கதையைச் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். ராட்டையை நிறுத்திவிட்டாள்.

"அப்போ அந்த ரேசன் கடைக்காரரு விக்கலியா?"

"சரக்கே வந்திருக்காதுக்கா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு பொண்ணு என்கூடப் படிச்சவ. அன்னிலேருந்து எங்கூடப் பேசவே இல்ல" என்றாள். "அவள எங்க கட்டிக் குடுத்தாங்கன்னு உனுக்குத் தெரியுமா?"